பள்ளிக்கூடத்துக்கு எந்த எஞ்சினை வெட்டுவது?

எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியின் ஆய்வகத்துக்கு ஒரு எஞ்சின் வேண்டும். ஓடுகிற எஞ்சின் இல்லை. உள்ளே இருப்பது தெரியும்படி வெட்டி, கைப்பிடியைச் சுற்றினால் எல்லாம் நகரும்படி செய்த ஒன்று. முன்னாள் மாணவர்கள் 30,000 ரூபாய் சேர்த்திருக்கிறோம். மன்னார்குடிப் பக்கம் முப்பது வருஷமாக எஞ்சின் பட்டறை வைத்திருக்கிறேன் என்பதால், எதை வெட்டலாம் என்று பார்த்துச் சொல்லும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் நான் படித்தபோது எஞ்சின் என்பது கரும்பலகையில் வரைந்த படம்தான். அதனால் இந்த வேலையை ஆசையோடு எடுத்துக்கொண்டேன்.

ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். சிங்கப்பூரில் இருக்கும் நண்பன், "வெட்டினா ரோட்டரி எஞ்சினை வெட்டணும்டா, மத்ததெல்லாம் எல்லா ஊர்லயும் இருக்கு" என்றான். தலைமையாசிரியைக்குக் கார் எஞ்சின் மேல் ஆசை. பட்டறையில் என்னோடு வேலை பார்க்கும் பையன், "டி.வி.எஸ். 50 ஒண்ணைப் பொளந்துடலாம்ணே, அரை நாள் வேலை" என்றான். எனக்கு மனசுக்குள் ஆயில் எஞ்சின். இயற்பியல் ஆசிரியர் கேட்டது எல்லாவற்றுக்கும் அடியில் கை வைத்தது: "இனிமே எல்லாம் கரண்ட் வண்டிதானே சார், எஞ்சினே எதுக்கு?"

அவருக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மோட்டாரை வெட்டினால் செம்புக் கம்பியும் காந்தமும் தெரியும். ஒன்று மற்றொன்றைத் தள்ளுவது தெரியாது, ஏனென்றால் காந்தப்புலம் கண்ணுக்குப் படாது. அதைப் புரியவைக்க ஒரு பேட்டரி, ஒரு காந்தம், ஒரு கம்பிச் சுருள் போதும், பிள்ளைகளே செய்துவிடுவார்கள். எஞ்சின் அப்படியில்லை. அதில் நடப்பது எல்லாம் கண்ணுக்குத் தெரியக்கூடிய அசைவு, ஆனால் இரும்புக்குள் மூடிக் கிடக்கிறது. வெட்டுவதற்கு அர்த்தம் இருப்பது அங்கேதான்.

அதனால் நான் வைத்துக்கொண்ட கேள்வி ஒன்றுதான். கைப்பிடியைச் சுற்றுகிற பிள்ளை, காற்று உள்ளே வருவதில் தொடங்கி புகை வெளியே போகிற வரை, கண்ணை எடுக்காமல் பின்னாலேயே போக முடிகிறதா? விலை, கனம், கிடைப்பது எல்லாம் அதற்கு அப்புறம்.

முதலில் பெட்ரோல் ஃபோர் ஸ்ட்ரோக். உறிஞ்சு, அழுத்து, எரி, வெளியே தள்ளு என்ற நான்கு வீச்சு முறையை 1862-இல் பிரான்சில் போ தெ ரோஷா காகிதத்தில் எழுதி வைத்தார். ஜெர்மனியில் நிக்கோலஸ் ஓட்டோ 1876-இல் அதை ஓட வைத்தார். காகிதம் முந்தியிருந்ததால் ஓட்டோவின் காப்புரிமை 1886-இல் செல்லாமல் போனது. அதே 1886 ஜனவரி 29 அன்றுதான் கார்ல் பென்ஸ் தன் மூன்று சக்கர வண்டிக்குக் காப்புரிமை கேட்டார். இரண்டு வருஷம் கழித்து அவர் மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு அந்த வண்டியை ஓட்டிப் போனார். 100 கிலோமீட்டருக்கு மேல். தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் போவதைவிடக் கொஞ்சம் அதிகம். எரிபொருள் தீர்ந்தபோது மருந்துக்கடையில் வாங்கி ஊற்றினார். குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். பிரேக் கட்டை தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் அடிக்கச் சொன்னார். ஊர் ஊராக நின்று ரிப்பேர் பார்த்துக்கொண்டே போன அந்தப் பயணத்தை நினைத்தால் எனக்கு அவ்வளவு மரியாதை. உலகத்தின் முதல் நெடுந்தூர ஓட்டுநரும் ஒரு பெண்தான், வழியில் நின்று வண்டியைச் சரிபார்த்தவரும் ஒரு பெண்தான் என்று எங்கள் பெண்பிள்ளைகளிடம் சொல்லியாக வேண்டும்.

கதை நல்ல கதை. ஆனால் இன்று கையில் கிடைக்கும் எஞ்சின் இந்த வேலைக்குத் தோதாக இல்லை. 100 சிசி பைக் எஞ்சினை வெட்டினால் கிளட்ச், கியர், கிராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுற்றலாக மாற்றும் தண்டு) எல்லாம் ஒரே கூட்டுக்குள் நெருக்கியடித்து நிற்கும். வால்வும் சின்னது. நாற்பது பிள்ளைகள் சுற்றி நின்றால் பின்வரிசைக்கு ஒன்றும் தெரியாது. கார் எஞ்சின் பெரிசுதான். மாருதி 800 எஞ்சின் பழைய இரும்புக் கடையில் கிடைக்கவும் கிடைக்கும். அதில் மூன்று சிலிண்டர், மூன்றும் மூன்று நிலையில் இருக்கும். ஏற்கெனவே தெரிந்தவனுக்கு அது அழகு, முதல்முறை பார்க்கிறவனுக்குக் குழப்பம்.

டூ ஸ்ட்ரோக் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். டூகால்ட் கிளார்க் 1878 வாக்கில் தொடங்கி, 1891-இல் ஜோசப் டே எளிமையாக்கிய, அதே வேலையை இரண்டே வீச்சில் முடிக்கும் முறை. வால்வே கிடையாது, பிஸ்டன் ஏறி இறங்கும்போது அதுவே துவாரத்தைத் திறக்கும், மூடும். 1980-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்த பிறகு உர மூட்டை, வாழைத்தார், பால் கேன், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள் என்று டெல்டாவே அதன் மேல்தான் போனது. என் கைக்கு முதலில் பழகிய எஞ்சினும் அதுதான். ஆனாலும் அதை வெட்ட எனக்கு மனம் வரவில்லை. புதுக் கலவை உள்ளே வந்து பழைய புகையைத் தள்ளுவதால் கொஞ்சம் பெட்ரோல் எரியாமலே வெளியே போய்விடும். அந்தக் காரணத்தால்தான் இன்றைக்கு எக்ஸ்.எல். 100-கூட ஃபோர் ஸ்ட்ரோக் ஆகிவிட்டது. ஒரே ஒரு எஞ்சின்தான் வைக்கப் போகிறோம் என்றால், போய்க்கொண்டிருப்பதை வைத்துத் தொடங்கக் கூடாது.

இனி ஆயில் எஞ்சின். கடைமடையில் இருப்பவர்களுக்கு இந்தப் பெயரே போதும். மேட்டூர் ஜூன் 12-ஆம் தேதி திறந்தாலும் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வர நாளாகும். வராத வருஷமும் உண்டு. கரண்ட் இணைப்புக் கிடைக்காத நிலத்துக்கு மாட்டு வண்டியில் எஞ்சினை ஏற்றிப் போய், ஃபில்டர் பாயிண்ட் (ஆழமில்லாத குழாய்க் கிணறு) பக்கத்தில் இறக்கி, பெல்ட் போட்டு, குறுவை நாற்றைக் காப்பாற்றியவர்கள் இந்தப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள். ராத்திரி ரெண்டு மணிக்குத் தூரத்தில் அந்தச் சத்தம் திடீரென்று நின்றால் தூங்குகிற ஆள் எழுந்து உட்கார்ந்துகொள்வார். என் அப்பா அப்படி எழுந்து, டார்ச்சை எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்து போவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

இந்த எஞ்சினில் பிளக் கிடையாது, பொறி கிடையாது. காற்றை மட்டும் உள்ளே இழுத்து, பதினாறு பதினேழில் ஒரு பங்காக அழுத்தினால் அது 500 டிகிரிக்கு மேல் சூடாகும். அதில் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதைத் தொட்டுப் பார்த்த பிள்ளைக்குப் பாதிப் பாடம் முடிந்துவிட்டது. ருடால்ஃப் டீசல் இதை 1892-இல் காப்புரிமையாகக் கேட்டார். ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில் நான்கு வருஷம் படாத பாடு பட்டு, 1897-இல் சோதனைக்கு வைத்தபோது எரிபொருளின் சக்தியில் 26.2 சதவீதத்தை வேலையாக மாற்றிக் காட்டினார். அன்றைய நீராவி எஞ்சின்களில் பெரும்பாலானவை பத்து சதவீதத்தைத் தொடுவதற்கே திணறிக்கொண்டிருந்தன. 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு சின்ன டீசல் எஞ்சினைக் கடலை எண்ணெயில் ஓட்டினார்கள். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் கடலை போடுகிறவர்களிடம் இதைச் சொன்னால் கண் விரிகிறது. 1913 செப்டம்பரில் கப்பலில் இங்கிலாந்து போகும் வழியில் டீசல் கடலில் காணாமல் போனார்.

வெட்டிப் பார்க்க இதைவிட நல்ல எஞ்சின் எனக்குத் தெரியவில்லை. ஒரே சிலிண்டர். கியர் பெட்டி இல்லை, கிளட்ச் இல்லை. வால்வு இரண்டும் மேலே, அவற்றைத் திறக்கும் புஷ் ராடு பக்கத்தில், அதைத் தூக்கும் கேம் கீழே. ஒன்று எதைத் தள்ளுகிறது என்று விரல் வைத்துக் காட்டலாம். வால்வைத் திறந்தே பிடித்துவைக்கும் டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிவிட்டு ஹேண்டிலைச் சுற்றி, வேகம் வந்ததும் லீவரை விடுவதற்குக் காரணம் என்ன என்பது வெட்டுப் பக்கத்தில் பார்த்தால் ஒரு நொடியில் புரியும். டீசலைப் பீய்ச்சும் முனையான நாசிலை ஹெட்டில் மாட்டாமல் குழாயோடு வெளியே வைத்து ஹேண்டிலைச் சுற்றினால், 'கிர்' என்று ஒரு முனகல் சத்தத்தோடு டீசல் பனிமூட்டம் மாதிரி வெளியே வரும். அந்த முனகல் சரியாக இருந்தால் நாசில் நல்ல நாசில். சொட்டு சொட்டாக விழுந்தால் மாற்ற வேண்டும். இதைப் பட்டறையில் செய்து காட்டும்போது பிள்ளைகள் ஒரு அடி தள்ளித்தான் நிற்க வேண்டும். அந்த அழுத்தத்தில் வருகிற டீசல் தோலைக் கிழித்து உள்ளே போய்விடும், கையை நீட்டவே கூடாது. ஆய்வகத்தில் வைக்கும் எஞ்சினில் நாசிலையும் பாதியாக வெட்டிவிடுவேன், டீசல் வாசனையே இருக்காது.

குறை என்றால் கனம். 5 குதிரைத்திறன் எஞ்சினை நாலு பேர் தூக்க வேண்டும். வார்ப்பிரும்பை வெட்டுவதும் லேசான காரியம் இல்லை. லைனரை (பிஸ்டன் ஓடும் உட்குழாய்) லேத்தில் போட்டு மில்லிங் செய்ய வேண்டும், பிளாக்கை கிரைண்டரில் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் விண்டுபோகும்.

சரி, ரோட்டரிக்கு வருகிறேன். நண்பன் சொன்னதை நான் தள்ளிவிடவில்லை. உண்மையைச் சொன்னால், இந்த ஒரு மாதத்தில் அதிக நேரம் போனது இதற்குத்தான்.

முதலில் பெயரில் ஒரு குழப்பம் இருக்கிறது. முதல் உலகப் போர் விமானங்களில் இருந்ததும் ரோட்டரி எஞ்சின்தான், ஆனால் அது வேறு. 1909 வாக்கில் பிரான்சில் வந்த நோம் எஞ்சினில் கிராங்க் அசையாமல் நிற்கும், சிலிண்டர்கள் எல்லாம் புரொப்பல்லரோடு சேர்ந்து சுற்றும். அதற்கு விளக்கெண்ணெய்தான் ஆயில். நம் வீட்டில் பிள்ளைகளுக்குக் கொடுத்த அதே விளக்கெண்ணெய். அதிலும் பிஸ்டன் மேலும் கீழும் போய் வந்துகொண்டுதான் இருந்தது. நண்பன் சொல்வது ஃபெலிக்ஸ் வான்கெலின் எஞ்சின். அதில் பிஸ்டனே இல்லை.

வான்கெல் 1902-இல் ஜெர்மனியில் பிறந்தவர். பொறியியல் பட்டம் இல்லை. கிட்டப்பார்வை அதிகம் என்பதால் ஓட்டுநர் உரிமமும் இல்லை. நாஜிக் கட்சியில் இருந்தவர். அதையும் பிள்ளைகளிடம் மறைக்கத் தேவையில்லை. என்.எஸ்.யு. என்ற ஜெர்மன் வண்டிக் கம்பெனியில் அவருடைய முதல் எஞ்சின் 1957 பிப்ரவரியில் ஓடியது. அதில் உள்ளே இருக்கும் ரோட்டர், வெளியே இருக்கும் கூடு இரண்டுமே சுற்றின. பிளக் மாற்ற வேண்டுமென்றால் எஞ்சினையே பிரிக்க வேண்டும். அதே கம்பெனியின் ஹான்ஸ் டீட்டர் பாஷ்கே, கூட்டை நிறுத்திவிட்டு ரோட்டரை மட்டும் சுற்றவிட்டார். என் பந்தயக் குதிரையை ஏர்க் குதிரையாக்கிவிட்டீர்களே என்று வான்கெல் வருத்தப்பட்டாராம். கடைசியில் உலகம் முழுவதும் போனது அந்த ஏர்க் குதிரைதான். ஏரில் பூட்டக்கூடியதுதான் ஊருக்கு உதவும் என்று நினைக்கிற ஆள் நான், அதனால் இந்த விஷயத்தில் என் மனசு பாஷ்கே பக்கம்.

கூட்டின் உட்பக்கம் வேர்க்கடலைத் தோடு மாதிரி, நடுவில் லேசாக இடை ஒடுங்கி இருக்கும். ரோட்டர் பக்கங்கள் புடைத்த முக்கோணம். மூன்று கண் நுங்கைக் குறுக்கே சீவினால் வரும் வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மூன்று மூலையும் எப்போதும் கூட்டைத் தொட்டுக்கொண்டே சுற்றும். ஒரு பக்கத்தில் கலவை உள்ளே வரும்போது, அடுத்த பக்கத்தில் அழுத்தம், அதற்கு அடுத்ததில் புகை வெளியே. வால்வு இல்லை, துவாரம்தான். ரோட்டர் ஒரு தடவை சுற்றுவதற்குள் தண்டு மூன்று தடவை சுற்றிவிடும். தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு எரிப்பு. நம் ஆயில் எஞ்சினுக்கு இரண்டு சுற்றுக்கு ஒன்றுதான். மேலும் கீழும் உதறுகிற பாகம் எதுவும் இல்லாததால் தையல் மெஷின் மோட்டார் மாதிரி வழுவழுவென்று ஓடும்.

சிக்கல் அந்த மூன்று மூலையில். அங்கே இருக்கும் சீல் (கசிவைத் தடுக்கும் பட்டை) கூட்டின் சுவரை உரசிக்கொண்டே போக வேண்டும். 1967-இல் வந்த என்.எஸ்.யு. ஆர்.ஓ. 80 கார் அடுத்த வருஷமே ஐரோப்பாவின் சிறந்த கார் என்று பரிசு வாங்கியது. சீல் தேய்ந்து எஞ்சின் எஞ்சினாக மாற்றிக் கொடுத்ததில் கம்பெனியே தள்ளாடி, 1969-இல் ஃபோக்ஸ்வாகன் கைக்குப் போனது. ஹிரோஷிமாவில் மஸ்தா கம்பெனி (நம் ஊரில் சுவராஜ் மஸ்தா வேன் ஓடியதே, அதே மஸ்தாதான்) 1961-இல் உரிமம் வாங்கியிருந்தது. அவர்களுடைய சோதனை எஞ்சின்களில் சுவர் முழுக்க அலை அலையாகக் கீறல். பிசாசின் நகக் கீறல் என்று பெயர் வைத்தார்கள். கெனிச்சி யமமோட்டோ 47 பொறியாளர்களோடு அதற்காகவே உட்கார்ந்தார். சீல் அதிரும் விதத்தை மாற்றினார்கள், கார்பனில் அலுமினியம் ஏற்றி சீல் செய்தார்கள், 1967-இல் காஸ்மோ ஸ்போர்ட் சாலைக்கு வந்தது. சிலிண்டருக்குள் ரிங் கீறிய கோட்டை விரலால் தடவிப் பார்த்து எஞ்சினின் ஆயுளைச் சொல்லிப் பழகியவன் நான். அந்த 47 பேர் ஒவ்வொரு நாளும் கூட்டைத் திறந்து அந்தக் கீறலைப் பார்த்திருப்பார்கள் என்று நினைக்கும்போது வயிற்றைப் பிசைகிறது.

1991-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை நான்கு ரோட்டர் வைத்த மஸ்தா 787பி ஜெயித்தது. ஆனால் எரிகிற அறை நீளமாக, ஒல்லியாக இருப்பதால் சூடு சுவரிலேயே போய்விடும். கொஞ்சம் பெட்ரோல் எரியாமல் தப்பிவிடும். மைலேஜ் கிடைக்காது. 1973-இல் எண்ணெய் விலை ஏறியதும் மற்ற கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கைகழுவின. மஸ்தாவும் 2012-இல் ஆர்.எக்ஸ். 8 காரோடு நிறுத்தியது. 2023-இல் திரும்ப வந்தபோது சக்கரத்தைச் சுற்ற இல்லை, கரண்ட் காரில் பேட்டரி சார்ஜ் செய்யும் ஜெனரேட்டராக வந்தது. சின்னதாக, அதிர்வில்லாமல், ஒரே வேகத்தில் ஓடுவதற்கு அது பொருத்தமான ஆள்தான்.

அப்போது இதை வாங்கி வெட்டலாமா? ஜப்பானிலிருந்து ஒரு பழைய எஞ்சினை இறக்கினால் எங்கள் பணம் கப்பல் கூலிக்கும் வரிக்குமே பத்தாது. பணம் இருந்தாலும் நான் வாங்கச் சொல்ல மாட்டேன். யோசிக்க யோசிக்க எனக்குப் பிடிபட்டது இதுதான்: ஆயில் எஞ்சினின் சூட்சுமம் அதன் இரும்பில் இருக்கிறது. லைனரின் கனம், வால்வு உட்காரும் இடம், நாசிலின் நுண்ணிய துளை, இவற்றை மரத்தில் செய்தால் அது பொம்மை. ரோட்டரியின் சூட்சுமம் அதன் வடிவத்தில் இருக்கிறது. அதை இரும்பில் பார்த்தாலும் மரத்தில் பார்த்தாலும் தெரிவது ஒன்றுதான். சொல்லப்போனால் மரத்தில் இன்னும் நன்றாகத் தெரியும், பெரிதாகச் செய்யலாமே.

மஸ்தாவின் 13பி எஞ்சினில் ரோட்டர் நடுவிலிருந்து மூலைக்கு 105 மில்லிமீட்டர், தண்டின் விலகல், அதாவது தண்டின் நடுவிலிருந்து ரோட்டரின் நடு தள்ளி நிற்கும் தூரம், 15 மில்லிமீட்டர். இரண்டையும் இரட்டித்துக்கொண்டேன்: 210, 30. கூட்டின் உள்நீளம் 480, அகலம் 360 வரும். விலகலைப் போல இரண்டு மடங்கு ஆரத்தில் நிலையான பல்சக்கரம், மூன்று மடங்கு ஆரத்தில் ரோட்டருக்குள் பல்வளையம். அதாவது 120 மில்லிமீட்டர் விட்டத்தில் 30 பல், 180-இல் 45 பல். போன ஞாயிற்றுக்கிழமை பிளைவுட்டில் இரண்டையும் அறுத்து, சின்னதை ஆணியடித்து நிறுத்தி, வளையத்தை அதன்மேல் உருட்டினேன். வளையத்தின் நடுவிலிருந்து 210 மில்லிமீட்டர் தள்ளி ஒரு பட்டையில் பென்சிலைக் கட்டியிருந்தேன். முதல் தடவை பல் தாண்டி கோடு கோணலாகப் போனது. பல்லுக்கு மெழுகு தடவி மறுபடி உருட்டினோம். பட்டறைப் பையன் மெதுவாகத் தள்ள, பென்சில் போய் வளைந்து, இடுப்பில் ஒடுங்கி, திரும்பி வந்து, தொடங்கின புள்ளியிலேயே சரியாகச் சேர்ந்தது. "கடலைக்காய்ணே!" என்றான். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த உருட்டலையே ஒரு வகுப்பாக வைக்கலாம். காம்பஸ் வட்டத்தைத் தாண்டி எதையும் வரைந்திராதவர்கள் அவர்கள்.

ஆகவே என் சிபாரிசு: பணத்தில் பெரும்பகுதியைப் போட்டு ஆயில் எஞ்சினை வெட்டுவோம். பட்டறை மூலையில் கிடக்கும் பழைய எஞ்சினை நான் கொடுத்துவிடுகிறேன், லேத் கூலியும் பெயிண்டும் ஸ்டாண்டும்தான் செலவு. மிச்சத்தில் மர ரோட்டரி. பைக் எஞ்சின் வேண்டும் என்கிறவர்களுக்கு, அடுத்த வருஷம் பணம் சேர்ந்தால் முதலில் அதைச் செய்யலாம். அதற்குள் பெர்த்தா பென்ஸ் கதையை மட்டும் சுவரில் எழுதி வைத்துவிடுவோம்.

தலைமையாசிரியை ஒத்துக்கொண்டார். நண்பனுக்கு ரோட்டரி மரத்தில்தான் என்பதில் கொஞ்சம் வருத்தம், ஆனால் கடலைக்காய்க் கோட்டின் போட்டோவை அனுப்பியதும் ராத்திரியே போன் செய்து ஒரு மணி நேரம் பேசினான். காற்று வரும் வழிக்கு நீலம், புகை போகும் வழிக்குச் சிவப்பு, வெட்டிய முகமெல்லாம் மஞ்சள். கைப்பிடி ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் இருக்கும். சனிக்கிழமை லேத்தில் லைனரை ஏற்றுகிறோம். ரோட்டருக்கு, தஞ்சாவூரில் வீணைக் குடம் குடைந்து மிஞ்சிய பலாக் கட்டை ஒன்றை ஆசாரி எடுத்து வைத்திருக்கிறார். "இன்னும் ஈரம் இருக்கு தம்பி, இப்ப இழைச்சா பின்னால முறுக்கிக்கும்" என்று தட்டிப் பார்த்துச் சொன்னார். பொங்கல் கழித்துத்தான் உளி வைப்பாராம்.